முப்பதுக்கு இருபத்தொன்பது

என் மனைவியின் ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் இரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தேவலை என்று. அந்தக் காகிதங்கள் எல்லாம் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன. கையில் எடுத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்த இரண்டு வருஷமும் அவளோடு ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில், ஒரே கட்டிலில் இருந்தவன் நான். நான் சொன்னதை ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வங்காளத்துக்கு வந்து, கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டினேன். அவள் பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை என்று வந்துவிட்டால் அவளுக்கு ஒரே வழிதான் தெரியும், பழைய கேள்வித்தாள். பத்து வருஷக் கேள்வித்தாளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் விடை சொல்லும்வரை போட்டுப் போட்டு வாங்குவாள். எங்கள் ஒரே மகளையும் அப்படித்தான் இன்ஜினீயர் ஆக்கினாள். மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள்.

அவளுக்கு என்னவோ ஆகிறது என்று எனக்கு முதலில் தெரிந்தது ஒரு நவராத்திரியில். இந்த ஊரில் நமக்குக் கொலு, அவர்களுக்குத் துர்கா பூஜை, இரண்டும் ஒன்றாக வரும். கீழ்வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் பௌதி என்போம், அண்ணி முறை. அன்று சாயங்காலம் பௌதிக்குச் சுண்டல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அரை மணி கழித்து இன்னொரு தட்டு கொண்டுபோனாள். பௌதி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாளாம். எட்டு மணிக்கு மூன்றாவது தடவை போனாள். இந்தத் தடவை தட்டில் ஒன்றுமே இல்லை, மேலே மூடிய துணி மட்டும்தான். பௌதி மறுநாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, யாரிடமாவது காட்டுங்கள் என்றாள்.

அலிப்பூர் பக்கம் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்ன வயசு, எங்கள் மகள் வயசுதான் இருக்கும். அவளைச் சித்தி முறை வைத்து மாஷிமா என்றும், சித்தப்பா முறை வைத்து என்னை மேஷோமஷாய் என்றும் வாய் நிறையக் கூப்பிட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு இங்கிலீஷில் கேள்வி கேட்க ஆரம்பித்தார். முதலில் ஐந்து வார்த்தை சொன்னார். குடை, மாம்பழம், பாலம், நீலம், அக்கா. இதைக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றார். ஒரு கடியாரம் வரைந்து மூன்று இருபதுக்கு முள் வைக்கச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கணக்கு டீச்சரிடம் கேட்கிற கேள்வியா அது? அவர் வாயை மூடுவதற்குள் தொண்ணூற்றி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது என்று சரசரவென்று இறங்கிவிட்டாள். ஆனால் அந்த ஐந்து வார்த்தையைத் திருப்பிக் கேட்டபோது இரண்டுதான் வந்தது. தேதியும் தப்பு. முப்பதுக்கு இருபத்து மூன்று. மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம், மாத்திரை தருகிறேன், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைப்பையைக்கூட வைக்காமல் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள்.

"அந்த அஞ்சு வார்த்தை என்னென்ன? எனக்கு மூணு வரல்ல. நீங்க கேட்டுக்கிட்டுதானே இருந்திய?"

"எதுக்குட்டி?"

"படிக்காம பரீட்சைக்குப் போனா இப்படித்தான். அடுத்த தடவை பாத்துக்கிடுதேன்."

நான் சொன்னேன். ஐந்து வார்த்தையையும் ஒன்று விடாமல் சொன்னேன். இதை நான் மறைத்துவிட்டு அந்த டாக்டரை மட்டும் திட்டிக்கொண்டு திரிந்தால் எனக்கு நாக்கு அழுகிப் போகும். அவள் கேள்வித்தாள் முழுவதையும், நான் சொல்லச் சொல்ல, கேட்ட வரிசையிலேயே, அந்த நோட்டில் எழுதினாள். பக்கத்தில் மாதிரி விடை. கடியாரத்தைக் காம்பஸ் வைத்துப் போட்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. புத்தி எங்கேயும் போகவில்லை, இதோ உட்கார்ந்து படிக்கிறாளே என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. ஒரு பொடியன் முன்னால் அவள் தேதி தெரியாமல் முழித்ததை என்னால் பார்க்க முடியவில்லை, அதுதான் உண்மை. அதனால் தினமும் காலையில் காப்பி குடிக்கும்போது நானே கேள்வி கேட்டேன். அவள் பதில் சொன்னாள். சரியாகச் சொன்னால் "சபாஷ்" வேறு.

இரண்டாவது தடவை இருபத்தாறு. டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா மேஷோமஷாய், மாத்திரை வேலை செய்கிறது" என்றார். எனக்கும் மலர்ந்தது. வருகிற வழியில் கரியாஹாட் கடைத்தெருவில் இறங்கி அவளுக்கு ஒரு தாந்த் கைத்தறிப் புடவை வாங்கிக் கொடுத்தேன். பரீட்சையில் தேறிய பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி! எனக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏனென்றால் வீட்டில் ஒன்றும் தேறவில்லை. தண்ணீர் ஊற்றாமல் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். பௌதி வீட்டுப் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே கணக்கை ஒரே நாளில் மூன்று தடவை, முதல் தடவை சொல்லுகிற மாதிரியே சொன்னாள். அந்தக் குழந்தையும் பாவம், மூன்று தடவையும் தலையாட்டியது. பிறகு அவர்கள் மரியாதையாக, டான்ஸ் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். நான் இதையெல்லாம் மூன்றாவது தடவை போனபோது டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தாளை எடுத்தார். அதே தாள். அதே குடை, அதே மாம்பழம். அவள் அவர் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே உதட்டை அசைக்கிறாள், இவருக்குக் கண் தெரியவில்லை. இருபத்தெட்டு. "வயசானால் எல்லோருக்கும் அப்படி இப்படி மறக்கும். நம்பர் சொல்லுகிறதே" என்றார்.

நம்பர் சொல்லுகிறதாம்! வாயில் நன்றாக வந்தது. அவள் பக்கத்தில் இருந்ததால் முழுங்கிக்கொண்டேன்.

அதற்கு அப்புறம்தான் அந்தப் பள்ளிக்கூட விஷயம் நடந்தது. ஒருநாள் பகல் பதினோரு மணிக்குக் கரியாஹாட்டுக்கு நூல்கண்டு வாங்கப் போனவள் மத்தியானம் ஆகியும் வரவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த நாற்சந்தியில் பஸ்ஸும் ஆட்டோவும் வருகிற வரத்தில், ஒவ்வொரு பிரேக் சத்தத்துக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மூன்று மணிக்கு ஒரு டாக்ஸி வந்து வாசலில் நின்றது. ரிட்டயர் ஆகிப் பன்னிரண்டு வருஷம் ஆன பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றிருக்கிறாள். ஏன் கேட்டை மூடி வைத்திருக்கிறாய், முதல் பீரியட் எனக்கு என்று வாசல் காவல்கார தர்வானிடம் சண்டை போட்டிருக்கிறாள். பழைய ஆள், அடையாளம் தெரிந்து டாக்ஸி பிடித்து அனுப்பியிருக்கிறான். என்னிடம், "கூட வேலை பாத்தவளப் பாக்கப் போனேன், அதுக்கென்ன?" என்றாள்.

அன்றே முடிவு செய்தேன். பகல் நேரத்துக்கு ஒரு ஆயா வேண்டும். எனக்கும் எழுபத்தொன்று, முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை, நான் குளிக்கப் போகிற கால் மணி நேரத்தில் அவள் கதவைத் திறந்துகொண்டு போனால் என்னால் ஓடிப் பிடிக்க முடியாது. இதைத்தான் கேட்டேன். சொத்தா கேட்டேன்? கூட ஒரு ஆள்.

அவள் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"முப்பதுக்கு இருபத்தெட்டு. எனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு, காவலுக்கு ஆள் போடுதிய? நீங்க எழுதுனா எவ்வளவு வாங்குவிய, சொல்லுங்க பாப்பம்!"

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளும் அதே பாட்டுத்தான் பாடினாள்.

"அப்பா, அம்மா இருபத்தெட்டு வாங்கிருக்கா. ஒவ்வொரு தடவையும் கூடத்தான் செய்யுது. நேத்துகூட எங்கிட்ட நல்லாத்தானே பேசினா? நீங்கதான் ரொம்ப டென்ஷன் ஆவுறீங்க. அம்மாவ ஜெயில்ல போட்ட மாதிரி வைக்காதீங்க."

நன்றாகத்தான் பேசினாளாம். பத்து நிமிஷம் போனில் யார்தான் நன்றாகப் பேச மாட்டார்கள்? சாப்பிட்டியா, ஆபீஸ் எப்படி, மழையா என்று கேட்பதற்கு எத்தனை மூளை வேண்டும்? போனை வைத்துவிட்டுத் திரும்பி, "யாரு பேசினா?" என்று அம்மாக்காரி என்னிடம் கேட்டது மகளுக்குத் தெரியுமா? பெற்ற பெண்ணுக்குத் தகப்பன் பேச்சைவிடக் காகிதம் பெரிதாகப் போய்விட்டது. அந்தப் பெண்ணை அப்படி வளர்த்ததும் நாங்கள்தான். மார்க் ஷீட்டைக் காட்டு, மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லிச் சொல்லித்தானே வளர்த்தோம்.

நான்காவது தடவை இருபத்தொன்பது வாங்கினாள். அன்றைக்கு என்னால் முடியவில்லை. அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி உள்ளே போனேன்.

"ஒருத்தன் கண் டெஸ்ட் போர்டை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பித்தால், பார்வை தெளிந்துவிட்டது என்று எழுதுவாயா?" என்று வங்காள பாஷையில் கத்தினேன். நாற்பத்தைந்து வருஷத்தில் நான் அதை இத்தனை சுத்தமாகப் பேசியதில்லை. "நாலு தடவையாக ஒரே கேள்வி! அவள் டீச்சர். உன் கேள்வித்தாள் அவளிடம் பாடமாக இருக்கிறது!"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திரும்பத் திரும்ப எழுதினால் மார்க் கொஞ்சம் ஏறும், அது எங்களுக்கும் தெரிந்ததுதான், அது மறந்து போகட்டும் என்றுதான் ஆறு மாதம் இடைவெளி விடுகிறோம் என்று பாடம் நடத்தினார். மறந்து போகட்டும் என்று இவர்கள் விட்ட இடைவெளியில் அவள் தினமும் படித்துக்கொண்டிருந்தாள். அது இவர்கள் புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் களைப்பு வரும். நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்களேன்" என்று அந்தத் தாளை என் முன்னால் வைத்தார்.

செய்தேன். ரோஷத்தில் செய்தேன். கோபத்தில் கழித்தலில் இரண்டு இடத்தில் தடுக்கிவிட்டது, படம் கோணிவிட்டது. மற்றவர்களுக்குப் பாடம் கேட்பது வேறு, தானே எழுதுவது வேறு. எனக்கு இருபத்தைந்து.

அட பாவிகளா! தட்டில் ஒன்றுமில்லாமல் சுண்டல் கொடுக்கப் போனவளுக்கு இருபத்தொன்பது. அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, கேஸை அணைத்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவனுக்கு இருபத்தைந்து. டாக்டர் எனக்கு ஒரு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்று மாலை என் மகள் அவளுடைய அம்மாவிடம் போனில், "அப்பாவக் கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுவாரம் என் மனைவி மத்தியானம் தூங்குகிற நேரத்தில் பௌதியை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அந்த நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளினிக்குக்குப் போனேன். திருடனைப் போலத்தான் போனேன். கத்தவில்லை. நோட்டை மேஜைமேல் வைத்தேன். டாக்டர் புரட்டினார். முதல் பக்கத்தில் அழகான கையெழுத்து. போகப் போக எழுத்து உடைந்துகொண்டே வந்தது. அதே கேள்விகள், அதே விடைகள், பக்கம் பக்கமாக, ஒரே நாள் தேதியில் நான்கு தடவைகூட. கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு வரியின் தலையிலும் "மறக்கக் கூடாது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அதை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

டாக்டர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "இதே டெஸ்டில் வேறு வார்த்தை, வேறு படம் வைத்த இன்னொரு தாள் இருக்கிறது, மேஷோமஷாய். அடுத்த தடவை அதைப் போடுகிறேன்" என்றார்.

"எங்கே இருக்கிறது?"

மேஜையின் டிராயரைத் திறந்து காட்டினார். அதற்குள்தான் இருந்தது. பழைய தாள் கட்டுக்கு அடியில்.

"இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை?"

"ஒரே தாளாக இருந்தால்தான் பழைய மார்க்கோடு ஒப்பிட வசதி. எல்லோரும் அப்படித்தான்..." என்று இழுத்தார்.

வசதி! ஒன்றரை வருஷம். கை நீட்டினால் எட்டுகிற டிராயர். நாங்கள் அந்த அறையில் எங்கள் மானத்தை வைத்துவிட்டு வந்த ஒவ்வொரு நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. எனக்கு அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன், ஏனென்றால் எனக்கு அவர் வேண்டும்.

ஐந்தாவது தடவை நல்ல தயாரிப்போடு வந்தாள். கரியாஹாட் புடவையைக் கட்டிக்கொண்டு, காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் புதுத் தாளை எடுத்தார். புதிதாக ஐந்து வார்த்தை சொன்னார். அவள் பவ்யமாகத் தலையாட்டினாள். கடியாரத்தில் ஒன்பது ஐம்பது என்று வைக்கச் சொன்னார். அவள் பார்த்துப் பார்த்து, கோடு கோணாமல், மூன்று இருபது வைத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, அந்த வார்த்தைகளைச் சொல்லுங்கள் மாஷிமா என்றார்.

"குடை, மாம்பழம், பாலம், நீலம், அக்கா" என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, வகுப்பில் சொல்லுகிற மாதிரி.

டாக்டர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் பக்கம் திரும்பினாள். "இதுதானே கேட்டான்?" என்று தமிழில் கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பதினாறு மார்க்.

டாக்ஸியில் அவள் குமுறிக்கொண்டே வந்தாள். "சொல்லாம கொள்ளாம பேப்பர மாத்துனா புள்ளைய என்ன செய்யும்? நான் ஒருநாளாவது அப்படிச் செஞ்சிருப்பனா? யாரு மாத்தச் சொன்னா இவன?"

"நாந்தான் சொன்னேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏன்? நான் பெயிலாவணும்னா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? ஆறு மாதமாக நான் சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தது அதைத்தான். அவள் என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு, வீடு வரும்வரை அந்தப் பக்கக் கதவோரமாகவே உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் பால்கனியில் நின்றுகொண்டு மகளுக்குப் போன் செய்தேன். பதினாறு என்றேன். முப்பதுக்கா என்றாள். பிறகு, "பேப்பர் ரொம்பக் கஷ்டமாப்பா?" என்று கேட்டாள். இரண்டு வருஷமாக அவளைக் கேட்பதற்கென்று சேர்த்து வைத்த கேள்வியெல்லாம் வாய்வரை வந்தது. எத்தனை தடவை சொன்னேன், காதிலே என்ன வைத்திருந்தாய் என்று கேட்க வந்தேன். அதற்குள் அவள் விக்கி விக்கி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, பள்ளிக்கூடம், குக்கர் எல்லாம். சனிக்கிழமை வருகிறேன், பத்து நாள் இருந்து ஆயா ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறேன் என்றாள். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளுவாளா, நீங்களே எப்படியாவது சொல்லி வையுங்கள் என்றாள்.

உள்ளே வந்தேன். மனைவி சோபாவில் உட்கார்ந்து வெண்டைக்காயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் நடந்தது ஒன்றும் அவள் முகத்தில் இல்லை. என் துரோகம் அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

"போன்ல யாரு? பிள்ளையா?"

"ஆமா. சனிக்கிழமை வாரா. கொஞ்ச நாள் இருப்பா. பகலுக்கு ஒரு ஆயாவும் பாக்கணும்ங்கா."

கை நின்றது. "எதுக்கு? யாருக்கு உடம்பு சரியில்ல?"

ரிப்போர்ட் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். அதற்காகத்தான் இத்தனை சண்டையும் போட்டேன்.

"எனக்குத்தான்" என்றேன்.

அவள் வெண்டைக்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் நெனச்சிக்கிட்டேதான் இருந்தேன். ஒங்க முகமே சரியில்ல. வரட்டும், ஆயாவும் வரட்டும். ஒங்களத் தனியா விட்டுட்டு என்னால ஒரு கடைகண்ணிக்குப் போவ முடியல்லலா."

சரி என்றேன்.